சென்னையில் கட்டட அனுமதியும் காத்திருப்பின் விலையும்

சென்னையில் வீடு கட்ட முனையும் ஒருவர் பெறவேண்டிய ஒப்புதல்கள் இரண்டு. ஒரு நிலத்தை எந்தப் பயனுக்கு, எவ்வளவு பரப்பிலும் உயரத்திலும் கட்டலாம் என்று திட்டமிடல் அமைப்பு தரும் இசைவு திட்ட அனுமதி எனப்படும். அந்தக் கட்டடத்தின் சுவரும் படிக்கட்டும் கழிவுநீர் வழியும் விதிப்படி அமைந்துள்ளனவா என்று பார்த்து உள்ளாட்சி அமைப்பு தருவது கட்டட அனுமதி. இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அச்சங்களிலிருந்து பிறந்தவை. கூரை வீடுகள் நெருங்கிக் கிடந்த தெருக்களில் தீயும் தொற்றுநோயும் பரவிய அனுபவம் கட்டட அனுமதியைத் தந்தது; நகரம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும் என்ற கவலை திட்ட அனுமதியைத் தந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இவை அடுக்கப்பட்டபோது ஒவ்வோர் அடுக்கும் தனக்குரிய காலத்தைக் கேட்டது. அந்தக் காலத்துக்கான விலையை வீடு வாங்கியவரும் வாடகைக்குக் குடியிருந்தவரும் கொடுத்தனர் என்பது இந்த நகரத்தின் வீட்டு வரலாற்றில் உரிய கவனம் பெறாத பகுதி.

கட்டட அனுமதியின் நவீன வடிவம் 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் தெளிவாகக் காணப்படுகிறது. வீடு கட்டுபவர் மனையின் வரைபடத்தையும் கட்டடத்தின் வரைபடத்தையும் இணைத்து ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்ன அந்தச் சட்டம், ஆணையரும் முப்பது நாளுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று அதே மூச்சில் சொன்னது. ஆணையர் வாய்திறவாவிட்டால் விண்ணப்பதாரர் மேலமைப்பிடம் முறையிடலாம். அந்த அமைப்பும் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லத் தவறினால் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். விதிக்கு மாறாகக் கட்ட அது உரிமை தரவில்லை. விதிக்குட்பட்டுக் கட்ட நினைப்பவரைக் காரணமின்றி நிறுத்திவைக்கும் உரிமையை அலுவலகத்திடமிருந்து எடுத்துவிட்டது. காலனிய ஆட்சியின் நகராட்சிச் சட்டங்களில் குடிமகனுக்குச் சாதகமாக எழுதப்பட்ட வரிகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. தாமதத்தின் சுமை அலுவலகத்தையே சாரவேண்டும் என்ற நெறி இதில் அடங்கியிருந்தது. பின்வந்த அரை நூற்றாண்டில் அனுமதி தரும் அலுவலகங்கள் பெருகின. இந்த நெறி பெருகவில்லை.

திட்டமிடல் என்ற சொல் சென்னைக்குள் வந்த கதை சற்று வியப்பானது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் நகரத் திட்டமிடல் குறித்த கண்காட்சி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவர இசைந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சில வாரங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்ததும் இதே எம்டன்தான். கெடிஸின் நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915இல் கண்காட்சி நடந்தேறியது. கட்டடக்கலைஞர் எச்.வி. லாஞ்செஸ்டர் சென்னை அரசின் ஆலோசகராகப் பணியாற்றினார். 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் 1909இல் வந்த வீட்டுவசதி, நகரத் திட்டமிடல் சட்டத்தின் வழியில் அமைந்த அதன் நோக்கம் நிலத்தை வீட்டுமனையாக்குவதாக இருந்தது. யார் எங்கே கட்டக்கூடாது என்ற பட்டியல் அதன் மையமாக இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டைத் தியாகராய நகரில் கண்ணால் காணலாம். 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியின் பகுதிகள் தூர்க்கப்பட்டு, நடுவே பனகல் பூங்காவும் அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகளும் முதலில் வரையப்பட்டன. சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றுக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதால் மனை வாங்கியவர் அவை குறித்துத் தனியே யாரிடமும் சான்று வாங்க வேண்டியிருக்கவில்லை. ஏரியைத் தூர்த்தது நீரியல் நோக்கில் பெரும் பிழை. அதன் விளைவை மழைக்காலந்தோறும் நகரம் அனுபவிக்கிறது. ஆயினும் வீட்டுவசதி என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், திட்டமிடுவது என்பது மனைகளை உண்டாக்குவது என்றே அந்தத் தலைமுறை புரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப்போரும் விடுதலைக்குப் பிந்தைய இடப்பெயர்வும் நகரத்தை நெருக்கின. 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். அரசு இரு வழிகளில் எதிர்வினை ஆற்றியது. 1946இலும் பின்னர் 1960இலும் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இருந்த வீடுகளின் வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தின. நகர மேம்பாட்டு அறக்கட்டளையும் அதன் வாரிசாக 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் புதிய குடியிருப்புகளை அமைத்தன. இன்றும் சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்று வழங்கும் பெயர்களில் அந்த அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளே எஞ்சியுள்ளன. ஷெனாய் நகர், அசோக் நகர், கே.கே. நகர், 1968 வணிகக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்த அண்ணா நகர் ஆகியவை பொது அமைப்புகள் நிலம் எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்துத் தந்த காலத்தின் சாட்சிகள்.

திருப்பம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துடன் வந்தது. அதன் வேர் இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. நிலம் உடையவருக்கு அதில் கட்டும் உரிமை இயல்பாக உண்டு என்ற பழைய கருத்தை அந்த ஆங்கிலச் சட்டம் நீக்கி, அந்த உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. அரசு கொடுத்தால் மட்டுமே கட்டலாம். போரில் சிதைந்த நகரங்களை அரசே முன்னின்று கட்டியெழுப்பும் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்ட சட்டம் அது. சென்னைக்கு வந்தபோது அதன் கட்டுப்பாட்டுப் பகுதி முழுமையாகவும், கட்டியெழுப்பும் பகுதி அரைகுறையாகவும் வந்து சேர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது இன்று மக்கள் வாயில் சி.எம்.டி.ஏ. என்று வழங்கும் அமைப்பு உருவாயிற்று; 1976இல் முதல் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிறம் பூசிய படமாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வர 2008 வரை ஆயிற்று. 1971இல் 35 லட்சத்தின் அருகில் இருந்த பெருநகர மக்கள்தொகை, இரு திட்டங்களுக்கும் இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. 1970களின் படத்தில் வயலாக நிறம் பூசப்பட்ட நிலத்தில் 1990களில் வீடு கட்ட விரும்பியவர் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரி விண்ணப்பித்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளுக்குக் காத்திருந்து, குழுமத்தின் முடிவையும் கடந்த பிறகே திட்ட அனுமதிக்கான முதல் படியில் கால் வைக்க முடிந்தது.

விதிகளின் உள்ளமைப்பை ஒரு மனையை வைத்தே விளக்கலாம். சென்னையில் நிலத்தை அளக்கும் வழக்குச் சொல் கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, பெரும்பாலும் நாற்பதுக்கு அறுபது அடி. தளப்பரப்புக் குறியீடு என்பது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்ற எண். முழுமைத் திட்டங்களின் காலத்தில் சாதாரணக் குடியிருப்புக்கு அது 1.5ஆக இருந்தது, ஆகவே ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடிக்கு மேல் கட்ட இயலாது. நாற்பதடி அகலத்தில் இருபுறமும் ஒன்றரை மீட்டர் வீதம் காலியாக விட்டால் பத்தடி, அதாவது அகலத்தில் கால் பங்கு, திறந்தவெளியாகப் போகும். முன்புறம் சாலையின் அகலத்துக்கேற்ப மேலும் இடம் விடவேண்டும். மிகச் சிறிய வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தந்தது. தளமும் வீடுகளின் எண்ணிக்கையும் கூடினால் அது சிறப்புக் கட்டடமாகி, கோப்பு குழுமத்துக்குச் சென்றது. நான்கு தளங்களைத் தாண்டினால் அன்று அது அடுக்குமாடிக் கட்டடம். அதற்குத் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம், தாம்பரம் விமானப்படைத் தளம், நீர் தேங்கும் பகுதியானால் பொதுப்பணித் துறை என்று பலரின் தடையின்மைச் சான்று வேண்டியிருந்தது. தங்கள் நோக்கில் இந்தக் கட்டடத்துக்கு மறுப்பில்லை என்று ஒவ்வொரு துறையும் தரும் கடிதமே தடையின்மைச் சான்று. பின்னர் ஆய்வுக்குழு; அதன்பின் தலைமைச் செயலகத்தில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் ஒப்புதல். கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தனி. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் பத்து விழுக்காட்டு நிலத்தைப் பொது வெளியாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. தீயணைப்பு வண்டி நுழைய இடம் வேண்டும். விமானம் இறங்கும் பாதையில் கோபுரம் எழக்கூடாது. வாய்க்காலை அடைத்து வீடு கட்டலாகாது. குறை வேறிடத்தில் இருந்தது. இந்தத் துறைகள் கோப்பை ஒரே நேரத்தில் பார்க்காமல் ஒருவருக்குப்பின் ஒருவராகப் பார்த்தன. ஒரு துறை வரைபடத்தில் படிக்கட்டை நகர்த்தச் சொன்னால், ஏற்கெனவே ஒப்புதல் தந்த துறைக்குத் திருத்திய வரைபடம் மீண்டும் செல்லவேண்டியதாயிற்று. குறைகளை ஒரே கடிதத்தில் மொத்தமாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லாததால், பட்டாவில் பெயர்ப் பிழை என்று ஒரு கடிதமும், அது சரியானபின் வில்லங்கச் சான்று பழையது என்று இன்னொரு கடிதமும் வந்தன. பட்டா வருவாய்த் துறையிடமும், பத்திரம் பதிவுத் துறையிடமும், அளவு நில அளவைத் துறையிடமும் இருக்க, ஆவணத்தில் ஓர் அளவும் களத்தில் வேறோர் அளவும் இருந்த மனைகள் இந்த மூன்று அலுவலகங்களுக்கும் நடுவே நடந்து தேய்ந்தன. 1978இல் வந்து 1999இல் நீக்கப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் தன் பங்குக்கு இன்னொரு சான்றைச் சேர்த்தது. சட்டம் நீங்கிய பின்னும் அதன் நிழல் பல மனைகளின் உரிமையில் விழுந்தே கிடந்தது.

காத்திருப்பு எவ்வாறு விலையாக மாறுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டுநர் ஐந்து கிரவுண்டு நிலத்தை 20 கோடி ரூபாய்க்கு, ஆண்டுக்கு 12 விழுக்காட்டு வட்டிக் கடனில் வாங்கினார் என்று கொள்வோம். இன்றைய குறியீடான 2இன்படி அங்கே 24,000 சதுர அடி, அதாவது ஆயிரம் சதுர அடியில் 24 வீடுகள் எழலாம். அனுமதி ஓராண்டு தாமதமானால் வட்டி மட்டும் 2 கோடியே 40 லட்சம். வீட்டுக்குப் பத்து லட்சம். அந்தப் பத்து லட்சத்தில் ஒரு செங்கல் கூட வாங்கப்படவில்லை. ஒரு கொத்தனாருக்கும் கூலி போகவில்லை. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனால் இதன் அமைப்பு எல்லா மனைக்கும் பொருந்தும். தாமதச் செலவு முழுவதும் வாங்குபவர்மேல் விழாது, நிலத்தின் விலை அதற்கேற்பக் குறையும் என்று பொருளியலார் சிலர் வாதிப்பர். நிலவுடைமையாளர் உடனே விற்றாகவேண்டிய நிலையில் இருந்தால் அது நடக்கும். சென்னையில் நிலம் வைத்திருந்தவர்கள் பொறுத்திருக்கக் கூடியவர்கள். குறைந்த விலைக்கு விற்பதைவிட விற்காமல் இருப்பதையே அவர்கள் தேர்ந்தனர். அதனால் மனைகள் சந்தைக்கு வருவது குறைந்தது, கட்டப்படும் வீடுகள் குறைந்தன, இருந்த வீடுகளின் விலையும் வாடகையும் ஏறின. அதோடு, ஓராண்டோ இரண்டாண்டோ வட்டி கட்டிக் காத்திருக்கும் வலிமை பெரிய கட்டுநருக்கே இருந்தது. சிறு கட்டுநர் விலக விலகப் போட்டி சுருங்கியது. காத்திருந்தவர் போட்ட முதலை மீட்க விலையுயர்ந்த வீடுகளையே கட்டினார். நடுத்தரக் குடும்பத்துக்கான இரண்டு அறை வீடு இந்தக் கணக்கில் முதலில் அடிபட்டது.

மக்கள் அனுமதிக்காக வீடில்லாமல் இருந்துவிடவில்லை. பெரு நாட்டுப் பொருளியலார் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு, லிமா நகரில் அரசு நிலத்தில் சட்டப்படி வீடு கட்ட ஒருவர் 52 அலுவலகங்களில் 207 படிகளைக் கடக்க வேண்டியிருந்தது என்றும், அதற்கு ஆறாண்டு பதினொரு மாதம் ஆயிற்று என்றும் பதிவு செய்தது. லிமாவைச் சூழ்ந்த குன்றுகளில் மக்கள் சட்டத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டதற்கு அவர் சொன்ன விளக்கம் சட்டத்தின் வாசல் மிகக் குறுகலாக இருந்தது என்பதே. சென்னையின் விளிம்பில் அதே செயல் வேறு பெயரில் நடந்தது. வயல்களையும் தோப்புகளையும் கயிறு பிடித்து மனைகளாகப் பிரித்து, ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தோடு விற்ற முறைக்குப் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று பெயர். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முழு அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ.வும் வெளியே டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இசையவேண்டும். ஆயினும் அந்தக் கையொப்பத்தை நம்பி ஆசிரியர்களும் ஓட்டுநர்களும் சிறு வணிகர்களும் மாதத் தவணையில் மனை வாங்கினர். அங்கீகாரம் பெற்ற மனையின் விலை அவர்களின் கைக்கு எட்டவில்லை என்பதே காரணம். விலை குறைந்ததற்கு ஈடாக அவர்கள் ஏற்றுக்கொண்டவை பல: இருபதடிக்கும் குறைந்த சாலை, வடிகாலில்லாத தெரு, பூங்காவோ பள்ளியோ அமைய இடமில்லாத ஊர், வங்கிக் கடன் கிடைக்காத பத்திரம்.

நகரின் உட்பகுதியில் மீறல் வேறு வடிவம் எடுத்தது. சிறு மனையில் எழுந்த மூன்றடுக்கு வீட்டின் அனுமதி பெற்ற வரைபடத்தையும் கட்டி முடித்த கட்டடத்தையும் அருகருகே வைத்தால் அது விளங்கும். வரைபடத்தில் தரைத்தளம் தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தம். களத்தில் அந்தத் தூண்களுக்கிடையே சுவர் எழுந்து இரும்புக் கதவு போட்ட கடை. வரைபடத்தில் பக்கவாட்டில் ஐந்தடி வெளி. களத்தில் அந்த வெளியிலேயே மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டும், அதன் அடியில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும். வரைபடத்தில் மொட்டைமாடி, களத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட இரண்டு அறைகள், வாடகைக்கு. ஏற்கப்பட்ட வரைபடம் கோப்பில் பத்திரமாக இருக்க, நகரம் வேறொரு வரைபடத்தின்படி வளர்ந்தது. இதில் பேராசையும் இருந்தது, ஊழலும் இருந்தது. குறிப்பாகத் தியாகராய நகரின் வணிகக் கட்டடங்களில் மீறல் வீட்டுத் தேவையால் விளைந்ததே அல்ல. ஆனால் மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தவர் பேராசைக்காரர் அல்லர். விதிப்படி கட்டப்பட்ட வீட்டின் வாடகையைக் கொடுக்க அவரால் இயலவில்லை.

மீறல் பெருகியபோது அரசு மன்னிப்பைச் சட்டமாக்கியது. வரன்முறைப்படுத்துதல் என்ற ஆட்சிமொழிச் சொல், விதி மீறிய கட்டடத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஏற்பதைக் குறிக்கும். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1999 பிப்ரவரி இறுதிக்குள் கட்டப்பட்டவை ஒருமுறை மட்டும் ஏற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 'ஒருமுறை' 2000, 2001, 2002 என்று மும்முறை நீட்டப்பட்டது. தாமதத்தால் நொந்தவர் இதிலிருந்து கற்ற பாடம் எளிது: விதிப்படி கட்டக் காத்திருப்பதைவிட மீறிக் கட்டிவிட்டு அடுத்த மன்னிப்புக்குக் காத்திருப்பது இலாபம். பின்னைய நீட்டிப்புகள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. இடிப்பும் முத்திரையிடுதலும் தொடங்க, 2007இல் அவசரச் சட்டம் ஒன்று அவற்றை நிறுத்திவைத்தது. பின்னர் 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்கென 113-இ என்ற புதிய பிரிவு வந்தது. அனுமதி தரும் அலுவலகம் மெதுவாக நடந்த நகரத்தில் மன்னிப்பே நடைமுறை அனுமதியாயிற்று. முறையாக வரைபடம் கொடுத்து, கட்டணம் செலுத்தி, இடம் விட்டுக் கட்டியவர் இதில் தோற்றவர் ஆனார். அவருக்குச் சட்டம் இழைத்த அநீதி, மீறியவருக்குக் காட்டிய இரக்கத்தைவிடப் பெரியது.

தாமதம் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை என்ற வாதம் அடிக்கடி எழும். அதற்குச் சென்னையின் வரலாறு தரும் பதில் வேதனையானது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலையில் சரிந்து 61 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். அது பஞ்சாயத்துக் கையொப்பத்தில் எழுந்த கட்டடமன்று. அடுக்குமாடிகளுக்குரிய திட்ட அனுமதியைப் பெற்ற கட்டடம். அனுமதி முறை காகிதத்தை நெடுங்காலம் பார்த்தது. மண்ணின் தாங்குதிறனையும், அடித்தளத்தையும், எழும் தூண்களையும் களத்தில் நின்று பார்க்கும் ஏற்பாடு அதில் வலுவாக இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதையும் இதையே சொல்லும். பல ஆயிரம் ஹெக்டேராகப் பரந்திருந்த அந்த நீர்ப்பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே இன்று சதுப்பாக எஞ்சியிருக்கிறது. அதைச் சுருக்கியதில் அனுமதியற்ற வீடுகளுக்கு மட்டுமின்றிக் குப்பைக் கிடங்குக்கும், அரசு நிறுவனங்களுக்கும், முறைப்படி எழுந்த கட்டடங்களுக்கும் பங்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம் அங்கீகாரம் பெற்ற தெரு, பெறாத தெரு என்று பிரித்துப் பார்க்கவில்லை. கட்டக்கூடாத இடத்தில் 'இல்லை' என்று உடனே சொல்லவும், கட்டத்தக்க இடத்தில் 'ஆம்' என்று உடனே சொல்லவும் தெரிந்த முறையே காக்கும். இரண்டையும் சொல்லாமல் கோப்பை வைத்திருந்த முறை இரண்டிலும் தவறியது.

வேறு வழி இருந்தது என்பதற்கும் சென்னையே சான்று. உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தரும் திட்டம் நிறைவேறியது. அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றோடு சிறு மனையையும், மிக எளிய குடும்பங்களுக்குக் கழிப்பறையும் தொடக்கக் கட்டுமானமும் கொண்ட ஒரு கருவீட்டையும் தந்தது. கையில் பணம் சேரும்போது ஓர் அறை, மகன் தலையெடுத்தபின் மாடி, பின்னர் வாடகைக்கு ஒரு பகுதி என்று குடும்பங்கள் தாமே கட்டிக்கொண்டன. அத்தகைய குடியிருப்புகளில் இன்று நடப்பவருக்கு அவை ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை என்று சொன்னால்தான் தெரியும். திட்டமிடலை முன்கூட்டியே முடித்துவிட்டு மனையைக் கையில் கொடுத்ததே அதன் உயிர்நாடி. ஒவ்வொரு குடும்பமும் சாலையின் அகலத்தையும் வடிகாலையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை. மாம்பலத்தை உருவாக்கிய தலைமுறையின் அறிவு இங்கே திருந்திய வடிவில் திரும்பி வந்தது. இந்த முறை பெருநகரம் முழுமைக்கும் விரிவாக்கப்படாமல் நின்றது பெரும் இழப்பு. பின்னாளில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த மறுகுடியமர்வு அடுக்ககங்கள், பிழைப்பிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, விரிவாக்க இயலாத சிறு வீடுகளில் ஏழைகளை அடைத்தன.

அண்மைக் காலத்தில் அரசின் நடை மாறத் தொடங்கியது. அதற்குத் தூண்டுகோல் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தபோது தமிழகம் முழுவதும் பத்திரப் பதிவு தடுமாறியது. மகளின் திருமணத்துக்கென மனையை விற்க முன்பணம் வாங்கியவரும், வாங்கக் கடன்பட்டவரும் பதிவாளர் அலுவலக வாசலில் நின்றனர். 2017இல் மனைகளுக்கான வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஊருக்கொன்றாக இருந்த விதிகளை ஒன்றாக்கி, குறியீட்டை 1.5இலிருந்து 2ஆக உயர்த்தி, 18.3 மீட்டர் உயரம் வரையிலான கட்டடங்களை உயரமற்ற கட்டடங்கள் என்ற எளிய வகைக்குள் கொண்டுவந்தன. இணையவழி விண்ணப்பமும் ஒற்றைச் சாளர முறையும் வந்தன; பல துறைகளின் சான்றுகளை ஒரே வாயிலில் கோருவதே ஒற்றைச் சாளரம். ஆனால் சாளரத்துக்குப் பின்னால் இருக்கும் மேசைகளின் எண்ணிக்கை குறையாதவரை காத்திருப்பு முற்றிலும் நீங்காது.

2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியபோது, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்ட வீடு கட்டுபவர், விதிப்படியே கட்டுவதாகத் தாமே உறுதிமொழி அளித்து, கட்டணம் செலுத்தி, இணையத்தில் உடனடியாக அனுமதி பெறலாம் என்றாயிற்று. 1919 சட்டம் முப்பது நாளில் கிடைக்கவேண்டும் என்று எழுதிவைத்த ஒப்புதல், நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தமாகத் தனிவீடு கட்ட வழியுள்ளவருக்கு ஒரே நாளில் கிடைக்கிறது. அதே 2,400 சதுர அடியில் ஆறு குடும்பங்கள் வாடகைக்கு வாழத்தக்க கட்டடம் எழுப்ப நினைப்பவருக்கு இந்த வழி திறக்கப்படவில்லை. அவருடைய கோப்பு பழைய வரிசையிலேயே நிற்கிறது.